நாஸிரின் வாக்கும் மிஸ்ரின் கடனும்

நாம் சிறுபிள்ளையாய் இருந்த எழுபதுகளில், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் தெருத் திண்ணையில் கூடும் பெரியவர்களின் பேச்சில் ஜமால் அப்துந் நாஸிரின் பெயர் அடிபடாத நாள் குறைவு. அன்னார் 1970 செப்டம்பர் 28இல் மறைந்து சில ஆண்டுகள் கடந்திருந்தன. எனினும் உயிரோடிருக்கும் உறவினர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலவே அவரைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தெருவில் மட்டும் நாஸிர் என்ற பெயருடைய பிள்ளைகள் மூவர் இருந்தனர். மூவரும் சூயஸ் போருக்குப் பின் பிறந்தவர்கள். (மிஸ்ர் நாட்டார் ஜீமைக் ககரமாக ஒலிப்பதால் நம் செய்தித்தாள்கள் அவரைக் கமால் என்றும் எழுதின. இருவர் வேறு வேறு ஆட்களென்று நாம் வெகுநாள் எண்ணியிருந்ததும் உண்டு.)

பின்னர் மதரஸாவில் ஓதப் புகுந்தபோது வேறொரு நாஸிரைக் கேள்வியுற்றோம். ஸையித் குத்பைத் தூக்கிலிட்டவர் அவர். அறிஞர்களைச் சிறையில் அடைத்தவர். அல்-அஸ்ஹரின் கழுத்தில் கயிறு கட்டியவர். நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமாரில் ஒருவர் அப்பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். திண்ணையில் கேட்டதையும் வகுப்பில் கேட்டதையும் ஒரே மனிதரிடத்தில் பொருத்திப் பார்க்க நம்மால் அப்போது இயலவில்லை.

இந்தச் சிக்கலைச் சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் மீண்டும் நம் முன் கொணர்ந்து வைத்தார். அரபுப் பாடநூலில் அஸ்வான் உயரணையைப் பற்றிய பகுதி ஒன்று வந்தது. பாடம் முடிந்ததும் அவர் எழுந்து, “ஹஜ்ரத், இவரை நல்லவர் என்று கொள்வதா, கெட்டவர் என்று கொள்வதா?” என வினவினார். நன்மையும் தீமையும் கலந்தவர் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். எவரைப் பற்றியும் சொல்லத்தக்க மறுமொழி அது. ஆகவே மறுமொழியே அன்று. அந்த மனவுறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாஸிரைப் புகழ்வோர் சூயஸைப் பேசுகின்றனர். இகழ்வோர் சிறைக்கூடத்தைப் பேசுகின்றனர். களஞ்சியத்தைப் பேசுவோர் அரியர். பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாட்டின் நிலத்தையும் ஆலையையும் வங்கியையும் வாடகையையும் கூலியையும் தம் கைப்பட மாற்றியமைத்த ஒருவரை, அம்மாற்றங்களால் அந்நாட்டார் என்ன ஆனார்கள் என்று கேளாமல் எடைபோடுவது எங்ஙனம்?

1952 ஜூலை 23க்கு முந்திய மிஸ்ரை முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டும். நில உடைமையாளரில் ஆயிரத்தில் ஒருவர் என்னும் அளவிலிருந்த பெருநிலக்கிழார், விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வைத்திருந்தனர். மறுபக்கத்தில், நிலமுடையோர் எனப்பட்டவருள் பெரும்பாலோரிடம் ஒரு பெத்தான் கூட இல்லை. (பெத்தான் என்பது நம் ஏக்கரினும் சிறிதே பெரிய அளவு.) நிலமே இல்லாதவர் இக்கணக்கிற் சேராதவர். நைலின் கரையில் பருத்தி விளைந்தது. பறித்தவனின் உடம்பில் ஒழுங்கான பருத்தியாடை இல்லை. இத்தகைய நாட்டில் புரட்சியாளர்கள் ஆட்சியைக் கைப்பற்றி ஏழு வாரங்களுக்குள், 1952 செப்டம்பர் 9இல், நிலச்சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. ஒருவர் 200 பெத்தானுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றனர். அவ்வரம்பு 1961இல் 100 ஆகவும் 1969இல் 50 ஆகவும் குறைந்தது. குத்தகைத் தொகை நிலவரியைப் போல் ஏழு மடங்கிற்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. நாஸிரின் காலம் முடியுமுன் விளைநிலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு கைமாறி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன.

இது பெரிது. சிறிதென்று சொல்வோர், குத்தகைக்காரனாய்ப் பிறந்து குத்தகைக்காரனாய் மாள்வதன் பொருளை அறியாதவர். எனினும், நிலமும் குத்தகையும் இல்லாத கூலியாட்களுக்கு இதனால் கிட்டியது சொற்பமே என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மற்றொன்றையும் மறைத்தலாகாது. சட்டம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னர், செப்டம்பர் 7இல், கஃப்ருத் தவ்வார் பஞ்சாலை வேலைநிறுத்தத்திற்காக முஸ்தஃபா கமீஸ், முஹம்மத் பகரீ என்னும் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அப்போது தலைமை ஜெனரல் நஜீபிடம் இருந்தது. பழி முழுவதையும் நாஸிர் மீது சுமத்துதல் நீதியாகாது. எனினும் ஒரே வாரத்தில் உழவனுக்கு நிலமும் தொழிலாளிக்குத் தூக்குக் கயிறும் தந்த ஆட்சி அது. கொடுக்கும் உரிமை தமக்கு உண்டு, கேட்கும் உரிமை மக்களுக்கு இல்லை என்ற எண்ணம் தொடக்கத்திலேயே அதில் குடிகொண்டிருந்தது.

சூயஸைப் பொறுத்தவரை நமக்கு இருவேறு எண்ணம் இல்லை. 1956 ஜூலை 19இல் அமெரிக்கா அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைத் தரவியலாதென்று கைவிரித்தது. யுகோஸ்லாவியாவின் பிரியோனித் தீவில் டிட்டோவைக் கண்டுவிட்டு, நம் பிரதமர் நேருவும் நாஸிரும் ஒரே விமானத்தில் கெய்ரோ திரும்பிய வேளையில் அச்செய்தி எட்டியது. ஒரு வாரம் கழிந்து ஜூலை 26ஆம் நாள் அலெக்ஸாந்திரியாவில் நாஸிர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அந்தக் கால்வாய் மிஸ்ரின் உழவர்கள் கட்டாய உழைப்பில் தோண்டி, ஆயிரக்கணக்கில் மடிந்து, 1869இல் திறந்தது. மிஸ்ரின் பங்குகளை 1875இல் கதீவ் இஸ்மாயீல் கடன் நெருக்கடியில் பிரிட்டனுக்கு விற்றுவிட்டார். வீட்டுக்காரன் தன் வீட்டு வாசலில் நுழையப் பிறரிடம் அனுமதி கேட்ட நிலை அன்றோ அது! மூன்று நாடுகள் படையெடுத்தும் கால்வாய் மிஸ்ரின் கையில் நின்றது. பின்னர் 1958இல் பழைய பங்குதாரர்களுக்கு 2 கோடியே 83 இலட்சம் எகிப்திய பவுன் ஈடு கொடுக்க உடன்பாடும் ஆயிற்று. உரிமையை மீட்டதுமன்றி விலையும் கொடுத்தார். இதனைக் களவு என்று எழுதிய மேனாட்டு ஏடுகள் இந்த ஈட்டைக் குறித்து அதே பெரிய எழுத்தில் எழுதினவா?

அணையும் அவ்வாறே. 1960 ஜனவரியில் தொடங்கி 1970இல் முடிந்தது. சோவியத் நாடு கடனும் பொறியியலாரும் தந்துதவியது. வண்டல் வயலுக்கு வாராது நீர்த்தேக்கத்தில் தங்கிவிட்டது. செயற்கை உரம் இன்றியமையாததாயிற்று. கழிமுகக் கரை அரிக்கப்படுகிறது. எகிப்தில் மட்டும் ஏறத்தாழ 50 ஆயிரம் நூபியர் தம் ஊர்களை நீரில் விட்டுவிட்டுக் கோம் ஒம்போவுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அபூஸிம்பல் கற்சிலைகளைக் காக்க உலகமே நிதி திரட்டியது; நூபியனின் பேரீச்ச மரத்துக்கு அழுதவர் எவர்? ஆயினும் 1980களில் ஆப்பிரிக்காவின் கிழக்கே வறட்சி வந்து எத்தியோப்பியாவில் மக்கள் மடிந்தபோது, மிஸ்ரின் வயல்கள் காயவில்லை. அணையைக் கட்டியது சரியே என்பது நம் முடிபு.

இதுவரை சொன்னவை மீட்டவையும் கட்டியவையும். இனிச் சொல்வது வாக்களித்தவை. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

1961 ஜூலையில் ‘சமதர்மச் சட்டங்கள்’ எனப்பட்ட ஆணைகள் வந்தன. பெரிய ஆலைகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பருத்தி ஏற்றுமதி அனைத்தும் அரசுக்காயின. அந்நியரிடமிருந்து மீட்டவற்றோடு நில்லாமல், மிஸ்ர் மக்களே தம் சேமிப்பைத் திரட்டித் தலஅத் ஹர்ப் என்னும் பெருமகனாரின் தலைமையில் 1920இல் நிறுவிய மிஸ்ர் வங்கியையும் 1960இலேயே எடுத்துக்கொண்டிருந்தனர். அந்நியன் ஆதிக்கத்தை எதிர்த்துச் சுதேசிகள் எழுப்பிய நிறுவனம் அது. அதை எவரிடமிருந்து விடுவித்தார்கள் என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், ஆட்சியாளன் வாணிகத்திலும் வேளாண்மையிலும் இறங்குவது குடிகளுக்குக் கேடு, வரிவருவாய்க்கும் அழிவு என ஒரு தனிப்பகுதியே எழுதியிருக்கிறார். ஆட்சியாளனோடு போட்டியிட எவனாலும் இயலாது. அவன் சொன்னதே விலை. நாளடைவில் உழைப்பவனுக்கு ஊக்கம் குன்றும் என்பது அவர் தரும் காரணத்தின் சாரம். அன்னார் இதே கெய்ரோவில் மாலிகீ காழியாய் இருந்து, 1406இல் இதே மண்ணில் அடங்கியவர். பருத்தி விளைத்த உழவன் தன் விளைச்சலை அரசு குறித்த விலைக்கு அரசிடமே தந்தாக வேண்டுமென்றும், அவ்விலை உலகச் சந்தை விலையினும் தாழ்ந்தே இருந்ததென்றும் அறியும்போது இப்னு கல்தூனை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒரு கையால் நிலத்தைக் கொடுத்து மறு கையால் விளைச்சலின் பெரும்பயனை எடுத்துக்கொண்டனர். அப்பணம் ஹில்வானின் இரும்பாலைக்கும் நகரத்தின் மலிவான ரொட்டிக்கும் போயிற்று. அந்த இரும்பாலை தீராத நட்டத்தால் 2021இல் மூடப்படும் முடிவுக்கு வந்தது.

அக்காலத்தில் உலகமே திட்டப் பொருளாதாரத்தை நம்பியது, நம் நாடும் நம்பியது, நாஸிரை மட்டும் குறைகூறலாமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 1960 முதல் 1965 வரையான முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 முதல் 6 விழுக்காடு வளர்ச்சியும் கண்டனர். அது பொய்க்கணக்கு அன்று. ஆனால் அந்த வளர்ச்சி ஏற்றுமதியில் ஈட்டியதினும் இறக்குமதியில் செலவிட்டது. கோதுமையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, உள்நாட்டு நாணயத்தில் விலை செலுத்தும் சலுகையில் வந்தது. 1962 முதல் யமனில் போர். அங்கே ஒரு கட்டத்தில் அறுபது எழுபதாயிரம் படைவீரர் நின்றனர். 1964 டிசம்பரில் போர்ட் ஸயீதில் பேசிய நாஸிர், நம் நடத்தை பிடிக்காதவர் கடல்நீரைக் குடிக்கட்டும், மத்தியதரைக் கடல் போதாதெனில் செங்கடலும் இருக்கிறது என்னும் பொருள்பட அமெரிக்காவைச் சாடினார். கூட்டம் ஆரவாரித்தது. அப்பேச்சை நம் திண்ணைப் பெரியவர்களும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் கோதுமைக் கப்பல்கள் குறைந்தன. 1947இல் ஏறத்தாழ 190 இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1966இல் 300 இலட்சத்தை எட்டியிருந்தது. அத்தனை வாய்க்கும் ரொட்டி வேண்டும்.

பட்டதாரிகளுக்குத் தந்த வாக்கையும் காண்போம். ஏழைப்பிள்ளைக்குக் கல்வி என்பது நாஸிர் தொடங்கியது அன்று. பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுஸைன் 1950இல் கல்வி அமைச்சராகி உயர்நிலைப்பள்ளிக் கல்வியை இலவசமாக்கினார். அந்தப் பெருமையை அவருக்கே விட்டுவிடுவோம். நாஸிரின் ஆட்சி 1962இல் பல்கலைக்கழகக் கல்வியையும் இலவசமாக்கியது. நன்று. அதனோடு, பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் அரசு வேலை உறுதி என்ற வாக்கையும் தந்தது. 1964இல் அது சட்டமாயிற்று. மேல் மிஸ்ரின் ஒரு சிற்றூரில் ஓர் உழவனை எண்ணிப் பாருங்கள். எருமையை விற்கிறான், மகனை வயலிலிருந்து எடுத்து அஸ்யூத்துக்கோ கெய்ரோவுக்கோ படிக்க அனுப்புகிறான். நாளைக்கு அவன் அரசு அலுவலகத்தில் மேசையின் முன் அமர்வான் என்பது நாட்டின் தலைவர் தந்த வாக்கு.

இவ்விடத்தில் மாலிகீ அறிஞர்களின் சட்ட ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. வாக்களித்தவன் அதை நிறைவேற்றியாக வேண்டுமா, அது வெறும் நற்பண்பா, காழியின் முன் வழக்காடத் தக்க கடமையா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வாக்களிப்பது நற்பண்பு மட்டுமே என்பர் பலர். கெய்ரோவில் வாழ்ந்த இமாம் கராஃபீ தம் ‘ஃபுரூக்’ நூலில் ஸஹ்னூனின் கருத்தை எடுத்தாள்கிறார். ஒருவன் மற்றொருவனிடம், உன் வீட்டை இடித்துவிடு, புதிதாய்க் கட்டப் பணம் நான் கடனாகத் தருகிறேன் என்றான். அவனும் நம்பி இடித்துவிட்டான். இத்தகைய வாக்கு நற்பண்பின் எல்லையைக் கடந்து கடப்பாடாகிவிடுகிறது. சொன்னவன் பின்வாங்க இயலாது. ஏனெனில் கேட்டவன் அச்சொல்லால் தன் கூரையை இழந்து நிற்கிறான்.

மேல் மிஸ்ரின் அந்த உழவன் தன் வீட்டை இடித்தவன். அவன் மகன் வயலுக்குத் திரும்ப இயலாதவனாய்ப் பட்டத்தோடு நின்றான். முதல் சில ஆண்டுகள் வேலை கிடைத்தது. ஒருவர் செய்யத்தக்க பணிக்கு மூவர் நால்வர் அமர்ந்தனர். பின்னர் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிடைத்த சம்பளமும் விலைவாசியின் முன் கரைந்தது. வாக்கைத் தந்தவர் அதற்குள் மண்ணில் அடங்கிவிட்டார்.

வாடகை வாக்கு இதனினும் விந்தையானது. 1950கள், 60களின் சட்டங்கள் வீட்டு வாடகையைக் குறைத்து நிலைநிறுத்தின. குடியிருப்பவர் இறந்தால் வாரிசுக்கும் அதே வாடகையே தொடர்ந்தது. ஒரு தலைமுறைக்கு அது அருட்கொடை. அடுத்த தலைமுறையில் ஒரு வேளை உணவுக்கும் போதாத தொகை மாத வாடகையாயிற்று; உரிமையாளர் பழுது பார்க்கவில்லை, கட்டடங்கள் இடிந்தன; புதிதாய் மணமுடிப்போருக்கு வீடு கிட்டவில்லை. எந்த ஆட்சியும் அதில் கைவைக்க அஞ்சியது. முடிவில் 2024 நவம்பரில் அரசியலமைப்பு உச்ச நீதிமன்றம் அந்த மாறாவாடகை செல்லாதென்றது. 2025இல் ஏழாண்டுக் கெடுவோடு அம்முறையை முடிக்கும் சட்டம் வந்தது. எண்பது வயது முதியவர்கள், இனி எங்கே போவோம் என்று கேட்கிறார்கள். குத்தகை வாக்கும் அவ்வாறே மீட்டெடுக்கப்பட்டது; 1992இன் சட்டம் 1997 அக்டோபரில் முழுமையாய் நடப்புக்கு வந்தபோது, நாஸிரின் காவலில் இரு தலைமுறை உழுத குடும்பங்கள் நிலத்தினின்று இறங்கின.

இங்ஙனமாயின் நாஸிர் ஏமாற்றுக்காரரா? அல்லர் என்றே நம்புகிறோம். தம் பொருட்டு அவர் செல்வம் சேர்த்ததில்லை என்பதைப் பகைவரும் ஒப்புவர். அலெக்ஸாந்திரியாவில் ஓர் அஞ்சல் ஊழியரின் மகனாய்ப் பிறந்த அவர் ஏழையின் இழிவை உள்ளபடி அறிந்தவர். ஆனால் எண்ணத்தின் தூய்மை மறுமைக் கணக்குக்கு உரியது. இம்மைக் கணக்கிற்கு அது போதுமானதன்று. மருத்துவம் கல்லாதவன் இரக்கத்தால் மருந்து கொடுத்து நோயாளிக்குக் கேடு நேர்ந்தால், ஈட்டுப் பொறுப்பு அவனையே சாரும் என்றுதானே நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன?

நாஸிரின் பொருளாதாரத் தவறுகளுள் பல, ஈராண்டிலோ மூவாண்டிலோ திருத்தியிருக்கத் தக்கவை. வாடகையைச் சிறிது சிறிதாய் உயர்த்தியிருக்கலாம். பருத்திக்கு நேர்மையான விலை கொடுத்திருக்கலாம். வேலை வாக்கிற்கு எல்லை வகுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? செய்யுமாறு அவரிடம் எவர் சொல்வது? 1953 ஜனவரியில் கட்சிகள் கலைக்கப்பட்டன. 1960 மே மாதத்தில் செய்தித்தாள்கள் அரசுடைமையாயின. இடதுசாரிகள் 1959இல் சிறை புகுந்தனர். இக்வான்கள் 1954இலும் 1965இலும் புகுந்தனர். இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் வெறுத்தவர்கள்; ஒரே சிறைச்சுவர் இருவரையும் வரவேற்றது. மிஸ்ரின் சிவில் சட்டத்தை வகுத்த மாமேதை அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஹூரீ, நாட்டின் ‘மஜ்லிஸுத் தவ்லா’ என்னும் உயர் நிர்வாக நீதிமன்றத்தின் தலைவராய் இருந்தவர். 1954 மார்ச்சில் ஒரு கும்பல் அந்த அலுவலகத்திற்குள் புகுந்து அன்னாரை அடித்தது. சட்டத்தின் மேசையிலேயே சட்டமேதையின் இரத்தம் சிந்திற்று. அதற்குப் பின் எந்த அறிஞர் துணிந்து, தலைவரே, கணக்கு இடிக்கிறது என்பார்?

நம் போன்றோருக்கு மிக நெருக்கமானது வக்ஃபின் வரலாறு. குடும்ப வக்ஃபுகள் 1952இல் ஒழிக்கப்பட்டன. அறவக்ஃபுகளின் நிர்வாகம் 1953இல் அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று. வக்ஃபு நிலங்கள் பின்னர் நிலச்சீர்திருத்தத் துறைக்கு மாற்றப்பட்டன. வக்ஃபு நிர்வாகத்தில் ஊழல் இருந்தது. முதவல்லிகள் உண்டு கொழுத்ததும் உண்டு. இதனை நம் ஊர் நிலை அறிந்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆட்சியாளனின் சம்பளத்தை எதிர்பாராமல் ஆலிம் ஒருவர் அமர்ந்து ஓதிக்கொடுப்பதற்கு அந்த வக்ஃபின் விளைச்சலே அடித்தளம். 1961இன் சட்டம் அல்-அஸ்ஹரில் மருத்துவத்தையும் பொறியியலையும் பெண்களுக்கான கல்லூரியையும் கொணர்ந்தது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். நம் பெண்மக்களுக்கும் அவ்வாய்ப்பு வேண்டுமென்று கேட்பவர்கள் நாம். ஆனால் அதே சட்டம் ஷைகுல் அஸ்ஹரை அரசு அமர்த்தும் அலுவலராக்கிவிட்டது. அறிவுரை சொல்லக் கடமைப்பட்டவரின் அரிசிப்பானை, அறிவுரை கேட்க வேண்டியவரின் அடுப்பில் ஏறிவிட்டது.

1967 ஜூனில் இதன் விளைவை உலகம் கண்டது. விமானங்கள் தரையிலேயே எரிந்துகொண்டிருந்த நேரத்தில் கெய்ரோ வானொலி பகைவரின் விமானங்களை நூற்றுக்கணக்கில் வீழ்த்திக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லும் வழக்கம் ஒழிந்த நாட்டில் போர்க்களத்து உண்மை மட்டும் எப்படி நேராக வந்து சேரும்? ஸினாய் போயிற்று; அதன் எண்ணெய் போயிற்று; கால்வாய் மூடப்பட்டு 1975 ஜூன் வரை ஒரு காசும் ஈட்டவில்லை. ஜூன் 9 இரவு நாஸிர் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றி, பொறுப்பு முழுவதும் தமதே என்று கூறிப் பதவி விலகினார். மக்கள் கூட்டம் கூட்டமாய்த் தெருவுக்கு வந்து, போகாதீர் என்று அழுதனர். மறுநாள் அவர் விலகலைத் திரும்பப் பெற்றார்.

கூட்டம் தூண்டிவிடப்பட்டது என்பார் உண்டு. ஒரு பகுதி அவ்வாறிருக்கலாம். ஆனால் 1970 அக்டோபர் 1இல் அவர் ஜனாஸாவின் பின் இலட்சக்கணக்கில் திரண்டவரை எவரும் தூண்டியிருக்க முடியாது. 1977 ஜனவரி 18, 19 நாட்களில், ரொட்டி முதலிய பண்டங்களின் மானியத்தை ஸாதாத்தின் அரசு குறைத்தபோது அலெக்ஸாந்திரியா முதல் அஸ்வான் வரை நாடு கொந்தளித்தது. அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. அப்போது தெருவில் ஒலித்த பெயர்களில் நாஸிரின் பெயரும் ஒன்று. 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகள் ஐஷ், விடுதலை, சமுதாய நீதி என்று முழங்கினர். ஐஷ் என்னும் அரபுச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள். மிஸ்ரின் வழக்கில் அது ரொட்டி. அந்த மூன்றனுள் முதலாவதையும் மூன்றாவதையும் தருவதாக வாக்களித்து, அதற்கு விலையாக நடுவிலிருந்ததை எடுத்துக்கொண்டவர் நாஸிர். நடுவிலிருந்தது போனபின், மற்ற இரண்டும் குறைகின்றன என்று சொல்ல வாயில்லாமல் போயிற்று. 1980களின் இறுதி முதல் 5 பியாஸ்தராய் நின்ற மானிய ரொட்டி 2024 ஜூனில் 20 பியாஸ்தர் ஆயிற்று.

இவ்வளவையும் அந்த மாணவருக்கும் அவர் தோழர்களுக்கும் சில வாரங்களாய்ப் பகுதி பகுதியாய் எடுத்துரைத்தோம். கேட்டு முடித்த பின் அவர் சற்றே சிந்தித்து, “ஹஜ்ரத், கடன் பட்டவர் இறந்தாலும் கடன்காரர் மன்னித்துவிட்டால் கடன் நீங்கிவிடுமல்லவா? ஜூன் 9 இரவு மக்கள் தெருவில் நின்று அழுதது மன்னித்ததாகாதா?” என்றார். நாம் மறுமொழி சொல்லுமுன் பின்வரிசையிலிருந்து ஒரு ஷாஃபிஈ மாணவர் எழுந்துவிட்டார். எவ்வளவு கடன் என்று அறியாமல் மன்னிப்பது செல்லாது. அன்றிரவு மிஸ்ரின் மக்கள் இழந்தது எவ்வளவென்று அவர்களுக்கே தெரியாது. வானொலி சொல்லவில்லையே என்றார். நம் மத்ஹபில் அளவறியாக் கடனையும் மன்னிக்கலாம் என்று ஹனஃபீ மாணவர்கள் இருவர் மறுத்தனர். அன்று அழுதவர்கள் மன்னித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அப்போது பிறவாத பிள்ளைகளின் பங்கை அவர்கள் மன்னிக்க இயலுமா என்று மற்றொருவர் கேட்டார். கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையிலேயே அஸர் பாங்கு ஒலித்தது. மறுநாளும் பாடம் அங்கிருந்தே தொடங்கிற்று.